திரைப்பட வசனமும் மேற்கோள் உரிமையும்

தமிழ்ப் பேசும்படம் 1931 இல் ‘காளிதாஸ்’ என்னும் படத்துடன் தோன்றியது. அக்காலப் படங்களைப் பேசும்படம் என்பதினும் பாடும்படம் என்பதே பொருந்தும். கொட்டகை வாயிலில் விற்கப்பட்டது பாட்டுப் புத்தகமே; வசனத்தை நினைவிற் கொண்டார் மிகச் சிலரே. ‘அம்பிகாபதி’ (1937), ‘கண்ணகி’ (1942) ஆகிய படங்களுக்கு இளங்கோவன் எழுதிய உரையாடல்கள் மக்கள் செவியை வசனத்தின்பால் திருப்பின. 1952 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’ நிலைமையை முற்றாக மாற்றிற்று. மு. கருணாநிதி எழுதிச் சிவாஜி கணேசன் பேசிய நீதிமன்றக் காட்சி இசைத்தட்டிலும் அச்சிலும் பரவியது. சென்னை மூர் மார்க்கற்றிலே அவ்வசனத்தை மனப்பாடமாக ஒப்புவித்துக் காசு பெற்றோரும் இருந்தனர். கல்லூரி மேடைகளில் அது ஒலித்ததைக் கூறவும் வேண்டுமோ!

பிறர் எழுதிய வசனத்தை இவ்வாறு அவையிற் பேசுதற்குச் சட்டம் இடங்கொடுத்ததா?

அன்று இலங்கையில் நடைமுறையில் இருந்தது 1911 ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டமாகும். 1912 இல் ஈண்டு வந்த அச்சட்டம் 1979 வரை நிலைத்தது. இந்தியாவிலும் சிற்சில மாற்றங்களோடு அதுவே 1958 வரை ஆட்சி செய்தது. திரைப்படம் என்றொரு தனி வகுப்பை அச்சட்டம் அறியாது; வசனம் இலக்கியமாகவோ நாடகமாகவோ கருதப்பட்டே காவல் பெற்றது. ஆயினும் அதிலே ஒரு விதிவிலக்கு உண்டு. வெளியிடப்பெற்ற நூலொன்றிலிருந்து நியாயமான ஒரு பகுதியை ஒருவர் அவையிற் படித்தலும் ஒப்புவித்தலும் குற்றமாகா என்பதே அது.

‘ஒருவர்’ என்ற சொல்லைக் கூர்ந்து நோக்குக. மாணவன் ஒருவன் தனியே நின்று குணசேகரனாக வாதாடினால் அவன் இவ்விலக்கினுள் அடங்குவான். நீதிபதியாக இன்னொருவனையும் வழக்கறிஞனாக மற்றொருவனையும் நிறுத்திவிட்டால் அது நாடகமாகிவிடும். உரிமையாளரின் அனுமதி வேண்டும். ‘வெளியிடப்பெற்ற’ என்பது இதனினும் சுவையானது. நாடகத்தை அவையில் நடித்துக் காட்டுதல் அச்சட்டத்தின்படி வெளியீடு ஆகாது. பிரதிகளை மக்களுக்கு வழங்குதலே வெளியீடு. எனவே, கற்றோர் ஒரு பொருட்டாக மதியாத அந்த வசனப் புத்தகமே மாணவனுடைய பேச்சுக்குச் சட்டத்தின் துணையைத் தேடிக்கொடுத்தது எனலாம்.

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் திரைப்படத்தைத் தனிப் படைப்பாக ஏற்றது. அவையில் ஒப்புவிக்கும் விலக்கை வைத்துக்கொண்டு, ‘ஒருவர்’ என்ற வரம்பை விட்டது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோர் முன்னிலையிற் பாடசாலையார் நடிப்பதற்கும் இடந்தந்தது.

அனுமதி வேண்டுமாயின் யாரிடம் கேட்பது? ‘மனோகரா’ (1954) பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், திரைவசனம் கருணாநிதியுடையது, படமோ தயாரிப்பாளருடையது. ‘பராசக்தி’ தானும் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து பிறந்ததே. இந்திய உச்ச நீதிமன்றம் 1977 இல் அளித்த தீர்ப்பொன்று, படத்திற்கெனப் பாட்டும் இசையும் இயற்றியோரின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடத்துத் தயாரிப்பாளரையே சாரும் என்றது. எழுதியவன் கைக்கு மீண்டும் ஊதியப் பங்கு வர 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் சிறிய காலமன்று.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம், விமரிசனம், கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கின்றது. அளவு, நோக்கம், படைப்பின் இயல்பு, அதன் விற்பனைக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றை நோக்கியே நியாயம் தீர்மானிக்கப்படும். வெளியிடப்பெற்ற ஒன்றின் சிறு பகுதியை மேற்கோளாக அச்சிடுவோர் மூலத்தையும் எழுதியவர் பெயரையும் குறித்தல் வேண்டும் என்பதும் அதன் விதி. நம் மேடைகளிலோ ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) வசனம் இன்றும் ‘சிவாஜி வசனம்’ என்றே அறிவிக்கப்படுகின்றது. அதை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி.