பிக்கப் வண்டியின் சப்வூஃபர் பெட்டி: வரலாறும் அறிவியலும்

சப்வூஃபர் என்பது ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை எழுப்புவதற்கென்றே அமைக்கப்படும் ஒலிபெருக்கி ஆகும். அமெரிக்காவில் பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டி வைத்திருப்போர் பலர், இருக்கைக்குப் பின்னாலோ அடியிலோ உள்ள இடத்திற்கேற்பத் தனிப் பெட்டி செய்து அதில் சப்வூஃபரைப் பொருத்துகின்றனர். பின்னர் அதே பெட்டியில் இன்னும் ஆற்றல் மிக்க ஒலிபெருக்கியை மாற்றிப் பொருத்துவதும் உண்டு. விலை உயர்ந்ததை மாட்டிய பிறகும் ஒலி முன்பைவிட மோசமாகிவிடுவதுண்டு. அப்போது குறை பெரும்பாலும் புதிய ஒலிபெருக்கியில் இருப்பதில்லை. அது பழைய பெட்டியோடு பொருந்தாததே காரணம். இரண்டும் சேர்ந்தே ஒரு கருவி என்பது கணக்காக வகுக்கப்பட ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

பெட்டி ஏன் தேவைப்பட்டது?

1925 ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் இன்றைய ஒலிபெருக்கிக்கு அடிப்படையான வடிவத்தை வெளியிட்டனர். காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது, அதனுடன் இணைந்த காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து ஒலியை எழுப்புகிறது.

கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. பின்பக்கக் காற்று விரிகிறது. ஆகவே இருபுறத்து அலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. தாழ்ந்த ஒலிகளில் இவை கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 34 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 10 மீட்டர். அதைத் தடுக்க வெறும் பலகை வைத்தால், அது வீட்டுச் சுவரளவு பெரிதாக இருக்க வேண்டும். எனவே பின்பக்க ஒலியை அடைத்து வைக்கப் பெட்டி தேவைப்பட்டது.

துளைப் பெட்டியும் மூடிய பெட்டியும்

பின்பக்க ஒலியை வீணாக்காமல் பயன்படுத்த வழி கண்டவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ். பெட்டியில் குறிப்பிட்ட அளவில் ஒரு துளையோ குழாயோ அமைத்தால், அதிலுள்ள காற்று ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து தாழ்ந்த ஒலிக்கு வலுவூட்டும். வாயகன்ற புட்டியின் வாயில் ஊதினால் எழும் முழக்கமும் இதே தத்துவம்தான். இதற்கான காப்புரிமை அவருக்கு 1932 இல் கிடைத்தது.

அடுத்த பெரிய மாற்றம் 1954 இல் வந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எட்கர் வில்ச்சூர், தம்மிடம் பயின்ற ஹென்றி குளோஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, ஏஆர்-1 என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டார். முழுதும் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்பை மீட்டு இழுக்கும் வில்லாக அவர் பயன்படுத்தினார். அதுவரை பெரிய அலமாரி அளவுப் பெட்டிகளே தந்த தாழ்ந்த ஒலி, புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்தும் வந்தது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 இல் விற்பனைக்கு வந்து வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டபோது, இந்தச் சிறிய வடிவம் மிகவும் பயன்பட்டது.

அனுபவத்திலிருந்து கணக்கிற்கு

அக்காலத்தில் பெட்டியின் அளவைப் பெரும்பாலும் செய்து பார்த்தே முடிவு செய்தனர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972 முதல் வெளியிட்ட கட்டுரைகளும் அந்நிலையை மாற்றின. ஒலிபெருக்கியின் இயல்பை அளந்தறியக்கூடிய சில எண்களாக அவர்கள் வகுத்தனர். கூம்பின் இயல்பான ஒத்ததிர்வெண், அதன் அதிர்வு அடங்கும் தன்மை, அதன் வளைமைக்குச் சமமான காற்றின் கன அளவு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இன்றும் சப்வூஃபரின் விவரத்தாளில் தீல்-ஸ்மால் அளவுகள் அச்சிடப்படுகின்றன.

வண்டிக்குள் வந்த கதை

பால் கால்வின் நடத்திய நிறுவனம் 1930 இல் மோட்டோரோலா என்ற பெயரில் வண்டி வானொலியை விற்கத் தொடங்கியது. பழைய பிக்கப் வண்டிகளின் ஓட்டுநர் அறையில் ஒரே வரிசை இருக்கைதான். அதன் பின்னால் இடம் மிகக் குறைவு. 1973 இல் டாட்ஜும் 1974 இல் ஃபோர்டும் நீட்டிய அறை கொண்ட வண்டிகளை வெளியிட்டபின், இருக்கைக்குப் பின்னே பெட்டி வைக்கக்கூடிய இடம் கிடைத்தது. 1980 இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 தாளக்கருவியின் நீண்டு முழங்கும் அடியும், அதைக் கொண்டு மயாமி நகரில் வளர்ந்த இசையும் வண்டி சப்வூஃபர்களுக்குப் பெரும் வரவேற்பைத் தந்தன.

வண்டியின் சிறிய அறை ஒரு நன்மையும் செய்கிறது. அறையின் நீளத்தைப்போல் இருமடங்குக்கும் அதிகமான அலைநீளமுள்ள ஒலிகள், அறை முழுவதும் காற்றழுத்தத்தை ஒருசேர ஏற்றி இறக்குகின்றன. அதனால் வீட்டு அறையைவிட வண்டியில் தாழ்ந்த ஒலி வலுவாகக் கேட்கிறது.

மாற்றும்போது நிகழ்வது என்ன?

ஓர் எடுத்துக்காட்டு: 20 லிட்டர் மூடிய பெட்டியில் 30 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வெண்ணும் 30 லிட்டர் சமான கன அளவும் கொண்ட ஒலிபெருக்கி இருப்பதாகக் கொள்வோம். பெட்டிக்குள் அதன் ஒத்ததிர்வெண் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஆக உயரும். அதே 30 ஹெர்ட்ஸும் 60 லிட்டர் சமான கன அளவும் கொண்ட வேறொன்றை மாட்டினால் அது 60 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதற்குக் கீழுள்ள ஆழ்ந்த ஒலி குறையும். பாட்டு எதுவானாலும் ஒரே முழக்கம் மேலோங்கக்கூடும்.

துளைப் பெட்டியில் சிக்கல் வேறு. துளை ஒத்ததிரும் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கும் காற்றின் பிடிப்பு போய்விடுவதால், கூம்பு அளவு மீறி அசைந்து சேதமடையலாம். துளை சிறிதாக இருந்தால், பெரிய கூம்பு தள்ளும் காற்று இரைச்சலோடு வெளியேறும்.

ஆம்ப்ளிஃபையரையும் கவனிக்க வேண்டும். 4 ஓம் சுருள்கள் இரண்டு உள்ள ஒலிபெருக்கியைப் பக்க இணைப்பில் இணைத்தால் 2 ஓம், தொடர் இணைப்பில் இணைத்தால் 8 ஓம். 4 ஓமுக்குக் குறையாத சுமைக்கென்று செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபையரில் 2 ஓம் சுமையை இணைத்தால், மிகை மின்னோட்டத்தால் அது சூடேறிப் பழுதாகக்கூடும்.

ஆகவே புதிய ஒலிபெருக்கியை வாங்குமுன் பெட்டியின் உள்ளளவை அளந்து, காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தைக் கழித்து, விவரத்தாளுடன் ஒப்பிட வேண்டும். காந்தம் பின்பலகையில் இடிக்காத ஆழம் உள்ளதா, மூட்டுகளில் காற்றுக் கசிவு இல்லையா என்பதையும் பார்க்க வேண்டும். பொருந்தவில்லையெனில் பெட்டியையும் புதிதாகச் செய்ய வேண்டும். இடம் இல்லையெனில் அந்தப் பெட்டிக்கு ஏற்ற ஒலிபெருக்கியைத் தேர்வதே சரி. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்திறனில் மிகுந்த ஓசை ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்காது என்பது இத்துறையில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று வழங்கப்படுகிறது. வண்டி எதுவானாலும் இந்த விதி மாறுவதில்லை.