தோப்புக்குக் கேக்கலீங்களே

என் அப்பாரு 1988-இல் எழுதிய உயில் ஒரே ஒரு தாள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, சென்னை மாம்பலத்தில் ஒரு சிறு வீடு. இரண்டும் அவரே சம்பாதித்தவை, இரண்டும் மகன்களுக்கு. அத்தையைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: உரிய சீர் செய்து கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

அப்பாரு போன பிறகு தோப்பின் பட்டா சத்தமில்லாமல் அப்பா, சித்தப்பா பெயருக்கு மாறிவிட்டது. சில வருடம் கழித்து மாம்பலம் வீட்டை விற்கப் போனபோதுதான் சிக்கல். வாங்க வந்தவரின் வக்கீல், “புரொபேட் எங்கே சார்?” என்றார். உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் முத்திரை குத்திக் கொடுப்பதுதான் புரொபேட். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “அதே உயில்தானுங்களே, தோப்புக்கு யாரும் கேக்கலியே?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. விடை கும்பினி காலத்தில் இருக்கிறது. 1726-ஆம் வருடச் சாசனப்படி சென்னைப் பட்டணத்தில் மேயர் கோர்ட் வந்தது. உயிலுக்கு புரொபேட் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. பட்டணத்துக்கு வெளியே இருந்த கோயம்புத்தூர் போன்ற ஜில்லாக்களின் கதை வேறு. இந்து தர்மசாஸ்திரத்தில் உயில் என்ற ஏற்பாடே கிடையாது. சாஸ்திரத்துக்கு ஒத்துப்போனால் ஒழிய இந்துக்களின் உயில் செல்லாது என்று 1829-இல் சென்னை மாகாணம் ஒழுங்குவிதியே போட்டது. பிறகு நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயிலை ஏற்றுக்கொண்டன. 1870-இல் வந்த இந்து உயில் சட்டம் எழுத்து, சாட்சி, புரொபேட் எல்லாவற்றையும் கட்டாயமாக்கியது. ஆனால் வங்காளத்துக்கும், சென்னை, பம்பாய் பட்டணங்களுக்கும் மட்டும்தான். கொங்கு நாடு அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது.

அதனால் இங்கே சாகக் கிடப்பவர் வாயால் சொன்னதுகூட உயிலாக முடிந்தது. 1927 ஜனவரி 1 முதல் எழுதப்படும் உயில்களுக்குத்தான் எல்லா ஊர் இந்துக்களுக்கும் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் கட்டாயமாயின. அப்போதும் புரொபேட் கட்டாயம் பழைய கோட்டைத் தாண்டவில்லை. 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு அதை அப்படியே வைத்துக்கொண்டது. உயிலைப் பொள்ளாச்சியில் எழுதினாலும், வீடு சென்னை எல்லைக்குள் இருந்தால் புரொபேட் வேண்டும்.

கோவையில் உயிலை நிரூபிக்கவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. யாராவது வழக்குப் போட்டால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். பத்திர ஆபீசில் பதிந்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. நடுங்கிய கையெழுத்து, நியாயமில்லாத பங்கீடு, சொத்தை அடைகிறவரே முன்னின்று எழுத வைத்தது போன்ற சந்தேகங்கள் இருந்தால், உயிலைக் கொண்டுவந்தவர்தான் அவற்றைப் போக்க வேண்டும் என்று 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதெல்லாம் ஒருவர் எதிர்த்தால்தான். கூடப் பிறந்தவன்மேல் கேஸ் போட எங்கள் ஊரில் எத்தனை பெண்கள் துணிவார்கள்?

புரொபேட்டில் நடைமுறை தலைகீழ். உயிலில் பங்கில்லாத வாரிசுக்கும் தகவல் போக வேண்டும். இல்லையென்றால் அவரே சம்மதப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். ஆட்சேபித்தால் மனு வழக்காக மாறிவிடும். அப்படித்தான் அப்பா ஒரு பத்திரத்தோடு அத்தை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

அத்தை காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்ண்ணா, தோப்புக்கு என்னையக் கேக்கலீங்களே. ஊட்டுக்கு மட்டும் எதுக்குங்க கேக்கறீங்க?”

“கோர்ட்டுல கேக்கறாங்க கண்ணு.”

“சரிங்ண்ணா. அப்பா என்ன எழுதியிருக்காருன்னு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க.”

அத்தனை வருடத்தில் அத்தை அந்த உயிலைப் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா படித்தார். சீர் பற்றிய வரி வந்ததும் குரல் தாழ்ந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். வீடு விற்ற பணத்தில் ஒரு பங்கை அப்பா அத்தைக்குக் கொடுத்தார். தோப்பைப் பற்றி இருவரும் பேசவேயில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. இனி சென்னையிலும் புரொபேட் கட்டாயமில்லை. செலவும் வருடக்கணக்கில் அலைச்சலும் மிச்சம். ஊருக்கு ஒரு நியாயம் என்ற பழைய ஓரவஞ்சனையும் போயிற்று. எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அத்தையை உட்கார வைத்து உயிலைப் படித்துக் காட்ட வைத்தது அந்தத் தொல்லை பிடித்த சட்டம்தான். இப்போது சென்னையும் கோயம்புத்தூர் மாதிரி ஆகிவிட்டது. இனி அத்தைகளை யாரும் கேட்க வேண்டியதில்லை.