உளி கற்பித்ததும் மின்வாள் கேட்பதும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளில் மரச்சிற்பக் கலை வழிவழியாக வாழ்ந்து வருகிறது. 2021-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையும் வேம்பும் சிற்பங்களாகவும் கதவுகளாகவும் உருப்பெறும் இம்மண்ணின் பெருமை அது. அப்பெருமையைத் தாங்குபவை தொழிலாளரின் பத்து விரல்களே.

உளித்தொழிலைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும். ஒரு கை உளியைப் பிடிக்க, மறு கை கொட்டாப்புளியை ஓங்கும். இரு கைகளும் உளிமுனைக்குப் பின்னாலேயே நிற்கும். இவ்வாறு பாதுகாப்பும் தொழிலோடு சேர்ந்தே கைக்குப் பழகியது. மின்வாள் அப்படியன்று. கற்காதவன் விசையை அழுத்தினாலும் அது சுழலும்.

வட்ட ரம்பத்துக்கு 1777-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் சாமுவேல் மில்லர். பட்டை ரம்பத்துக்கு 1808-இல் வில்லியம் நியூபெரி பெற்றார். ஆனால் மரவேலை இயந்திரங்களுக்கென்று அந்நாட்டில் தனி விதிகள் நிலைபெற்றது 1922-இல்தான். கருவி வேகமாக வந்தது. காப்பு மெதுவாகவே வந்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. எனினும், பொதுவாக மின்விசையுடன் பத்துப் பேராவது உழைக்கும் இடங்களுக்கே அது பொருந்தியது. தந்தையும் மகனும் உழைக்கும் சிறு பட்டறை அதன் எல்லைக்கு வெளியே நின்றது. அங்கே ஆசானின் சொல்லே சட்டம்.

அந்த ஆசான் விதியோடு அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். அறுபடும் பலகையின் பிளவு சில வேளை மூடிக்கொண்டு, சுழலும் ரம்பத்தைக் கவ்வும். அப்போது பலகை அறுப்பவரை நோக்கியே எறியப்படும். ரம்பத்தின் பின்னே நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு அப்பிளவை மூடவிடாது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைப்பது பேதைமை. ரம்பத்துக்கு நேர் பின்னே நிற்பதும் தவறு. சிறு துண்டுகளை விரலால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். தோள் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றைச் சுழலும் பாகம் கையோடு சேர்த்து இழுத்துவிடும், கையுறையும் அவ்வாறே. அலகை மாற்றுமுன் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் அறிவித்தது. ஆகவே தூளை உறிஞ்சி அகற்றும் ஏற்பாடும் முகக் கவசமும் தேவை.

இவ்வகை அக்கறை திருச்சபைக்குப் புதிதன்று. 1852 பிப்ரவரி 8-ஆம் நாள் தூரின் நகரில், ஒரு சிறுவனைத் தச்சரிடம் தொழில் பழகச் சேர்த்தபோது புனித தொன் போஸ்கோ எழுத்து ஒப்பந்தம் செய்துவைத்தார். வயதுக்கும் வலிமைக்கும் மிஞ்சிய வேலை கூடாது, சொல்லால் அன்றி வேறு வகையில் தண்டிக்கலாகாது, ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு நாள்கள் என்பவை அதன் நிபந்தனைகள். தொழில்நுட்பம் மனிதனின் துணைவன், ஆனால் பகைவனாகவும் மாறக்கூடும் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் எச்சரித்தார். உடல்நலத்துக்குத் தீங்கு செய்யாத பணியிடம் தொழிலாளரின் உரிமை என்பதும் அம்மடலின் போதனையே.

மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955-இல் ஏற்படுத்தினார் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். அந்நாளில் கருவிகளை மந்திரிக்கக் கொண்டுவரும் பட்டறைத் தலைவர்கள், கழற்றி வைத்த தடுப்புகளை முதலில் பொருத்தட்டும். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைக்கு அவற்றின் காரணத்தையும் சொல்லிக் கொடுக்கட்டும். இயந்திரம் வேலையின் காலத்தைக் குறைத்திருக்கலாம்; கற்பிக்கும் காலத்தை அது குறைக்கவில்லை.