பாவாதம் மலைக்கு வந்த ஆபிரிக்கர்



டிசம்பர் போயாவோடு யாத்திரைக் காலம் தொடங்கும். கூடவே, மலை யாருக்குச் சொந்தம் என்ற வாக்குவாதமும் முகநூலில் தொடங்கிவிடும். எங்கள் சப்ரகமுவ தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு அது சிவனொளிபாதமலை. சிங்கள அயலவருக்கு ஸ்ரீ பாத. எமது பெரியவர்களுக்கு பாவாதம் மலை. சண்டை பிடிப்பவர்கள் இப்னு பதூதாவை ஒருமுறை வாசித்தால் நல்லது.

1304இல் மொரோக்கோவின் தாஞ்சியரில் பிறந்தவர் அவர். 21 வயதில் ஹஜ்ஜுக்காக வீட்டை விட்டுக் கிளம்பி, வட ஆபிரிக்கக் கரையோரமாக எகிப்து வரை போனார். பிறகு மொகதிஷு, மொம்பாசா, கில்வா. மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு 1344இல் புத்தளக் கரையில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி. பாரசீகம் புரிந்த தமிழ் மன்னர்! முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளும் என்றார். வந்தவர் கேட்டதோ ஆதம் நபி (அலை) அவர்களின் பாதத்தைப் பார்க்கும் வழி.

மன்னர் கூட்டி அனுப்பியவர்களைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், பரிவாரத்தார் 10 பேர், உணவுச் சுமை தூக்க 15 பேர். பல்லக்குச் சுமந்த அடிமைகள் வேறு. ஒரு முஸ்லிமின் ஸியாரத்துக்கு வழிகாட்டிகள் யோகிகள்.

ஆதம் நபி இறங்கிய இடத்தைக் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 851இல் எழுதப்பட்ட அரபுப் பயணக் குறிப்பிலேயே சரந்தீபின் இந்தப் பாதச்சுவடு வந்துவிடுகிறது.

காட்டு வழியில் அட்டைக்கடி. அதற்குத் தேசிக்காய்ச் சாறு என்று எழுதுகிறார். கொழுந்து பறிக்கும் எமது பெண்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. உச்சிக்கு ஏற 10 சங்கிலிகள் இருந்தனவாம். கடைசிச் சங்கிலிக்கு ஷஹாதா சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவாராம்.

நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் வரி வேறொன்று. இத்தீவின் முஸ்லிமல்லாதார் முஸ்லிம்களைத் தம் வீடுகளில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்கிறார். 'காபிர்கள்' என்ற சொல்லை விடாமலேயே அதை எழுதுகிறார்.

விருந்து தந்தவர்களை முகஸ்துதி செய்யும் ஆளல்ல அவர். 1352இல் சஹாராவைக் கடந்து மாலிக்குப் போனபோது மன்ஸா சுலைமான் அனுப்பிய அன்பளிப்பு 3 ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, ஒரு சுரைக்குடுவைத் தயிர். பார்த்துச் சிரித்தேன் என்று எழுதியே வைத்துவிட்டார். அந்த நாட்டில் அநியாயம் குறைவு, பயணிக்குக் கள்வர் பயமில்லை, பிள்ளைகள் குர்ஆன் மனனம் செய்வதில் கண்டிப்பு அதிகம் என்று பாராட்டியதும் அதே பேனாதான். பிடிக்காத மன்னரின் நாட்டிலும் நல்லதை மறைக்காதவர் நமது ஊரைப் பற்றிச் சொன்னதை நாம் நம்பலாம்.

1355இல் பெஸ் நகரில் அந்தப் பயணநூல் எழுதி முடிக்கப்பட்டது. அதில் ஆரியச்சக்கரவர்த்தி இருக்கிறார். மலைக்கு வழி கண்டவராகச் சொல்லப்படும் ஷீராஸின் ஷெய்கு இப்னு கபீப் இருக்கிறார். சுமை தூக்கிய 15 பேரில் ஒருவரின் பெயரும் இல்லை. அவர்கள் எந்த மொழி பேசினார்கள், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்றும் இல்லை. மலைப்பாதைக் கடைகளுக்கு மா மூட்டையும் காஸ் சிலிண்டரும் இன்றைக்கும் தோளில்தான் ஏறுகின்றன.