கலைக்களஞ்சியம் பிறந்த கதை

திருப்பூரில் கொடி காத்த குமரனைத் தெரியாதவர் இல்லை. அவினாசிலிங்கம் என்றால், “கோயமுத்தூர் காலேஜுங்களா?” என்பார்கள். தப்பில்லை, அந்த மனையியல் கல்லூரி 1957-இல் அவர் தொடங்கியதுதான். ஆனால் 1903-இல் அவர் பிறந்தது திருப்பூரில்.

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் பழமையில் கால் ஊன்றியவர். காந்தியும் ராமகிருஷ்ண பரமஹம்சரும் வழிகாட்டிகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1930-இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியபோதும் அவர் மனத்தில் இருந்தது குருகுலம்தான். பெண்களுக்குக் கல்லூரி வைத்தாரே, அதிலும் முதலில் நின்றது வீட்டைப் பற்றிய படிப்பு. இப்படிப்பட்டவர் 1946-இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார்.

அமைச்சர் உயர்நிலைப் பள்ளியில் தமிழில் பாடம் நடத்தச் சொன்னால், வாத்தியார் கேட்கும் முதல் கேள்வி: புத்தகம் எங்கே? சிங்காரவேலு முதலியார் தனி ஆளாகத் தொகுத்து 1910-இல் வந்த அபிதான சிந்தாமணி இருந்தது. புராணப் பெயருக்கு அதைப் புரட்டலாம். மின்சாரத்துக்கு எதைப் புரட்டுவது? அதே 1946-இல் அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை ஆரம்பித்தார். கழகம் கையில் எடுத்த பெரிய வேலை கலைக்களஞ்சியம். தலைமைப் பதிப்பாசிரியராக வந்தவர், வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன். கவிஞர், கீர்த்தனைகள் எழுதியவர். அறிவியல் சமாச்சாரத்துக்குக் கீர்த்தனைக்காரரா என்று தோன்றும். சொல்லைச் செதுக்கத் தெரிந்த கைதான் அங்கே வேண்டியிருந்தது என்பேன்.

அகர வரிசைப் புத்தகத்தில் ஒரு தொல்லை உண்டு. ‘அணு’வுக்கு எழுத ஒப்புக்கொண்டவர் தாமதித்தால், ‘அம்மை’ தயாராக இருந்தும் பயனில்லை, தொகுதியே நிற்கும். கட்டுரை வந்த பிறகும் கலைச்சொல் பஞ்சாயத்து. வடமொழிச் சொல்லை வைப்பதா, தமிழில் புதிதாக ஆக்குவதா, ஆங்கில ஒலியையே எழுதிவிடுவதா? ஒரு பக்கத்தில் முடிவு செய்ததை நானூறாம் பக்கத்தில் மறக்கக் கூடாது. முதல் தொகுதி 1954-இல்தான் வந்தது.

இதில் ஒரு முரண். 1948-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் இதே அமைச்சர்தான். பெரியார் தலைமையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. தமிழுக்குக் களஞ்சியம் கட்டியவர் இந்தியைத் திணிப்பாரா? அவர் கணக்கில் இரண்டும் ஒரே தேசப்பணி. அந்தக் கணக்கு தமிழ்நாட்டில் செல்லுபடியாகவில்லை. ஆகாமல் போனது நல்லதே.

1949-இல் அமைச்சர் பதவி முடிந்தது, களஞ்சிய வேலை முடியவில்லை. முதல் தொகுதி வெளியானபோது அவர் திருப்பூர் மக்களவை உறுப்பினர். ஒன்பதாம் தொகுதி 1963-இல் வந்தது. விட்டுப்போனவற்றைச் சேர்த்துப் பத்தாவது 1968-இல். 1948-இல் நாற்பது வயதில் பொறுப்பேற்ற தூரனுக்கு அப்போது அறுபது. அதே ஆண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் அவர் மேசையிலிருந்து வெளிவந்தது.