ஜன்னலில் உட்கார வேண்டிய காற்று

பிப்ரவரி கடைசியில் ஹப்சிகுடாவில் இரண்டு விஷயம் தவறாமல் நடக்கும். மெயின் ரோட்டுக் கடைகளில் கூலர்கள் பிளாட்பாரத்துக்கு இறங்கிவிடும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாற்றலாகி வந்த ஏதாவது ஒரு குடும்பம், "சார், கூலர் வாங்கலாமா? இல்ல, கடனோ உடனோ வாங்கி ஏசியே போட்டுடலாமா?" என்று கேட்கும். சின்னப் பதில் வேண்டுமென்றால், "வாங்குங்க, ஆனா ஜன்னலுக்கு வெளியே வைங்க." ஏன் வெளியே என்பதற்குத்தான் கொஞ்சம் பழைய கதையெல்லாம் பேச வேண்டியிருக்கிறது. நமக்குக் கதை சொல்லக் கசக்குமா என்ன :-)

முதலில் நம்மவர்களின் சந்தேகத்தைப் பார்ப்போம். சென்னையில் கூலர் வாங்கி ஏமாந்த ஒரு சித்தப்பா எல்லார் வீட்டிலும் உண்டு. ஒரு மணி நேரம் ஓடினால் பாய், தலையணை, காலண்டர் எல்லாம் நமுத்துப்போய், உடம்பு பிசுபிசுத்து, "இதுக்கு ஃபேனே தேவலை" என்று பரணுக்குப் போய்விடும். இதில் கூலரின் தப்பு ஒன்றுமில்லை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கிற வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் வித்தை. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை. சென்னையில் 37 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் இருக்கிற ஒரு மத்தியானத்தில், நல்ல கூலர் கூட 31 டிகிரிக்குக் கீழே போகாது. அதுவும் சொதசொதவென்ற 31.

ஹைதராபாத் கடலிலிருந்து வெகு தூரத்தில், கிட்டத்தட்ட 540 மீட்டர் உயரத்தில், பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். மே மாதம் மத்தியானம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்பது இங்கே சாதாரணம். அந்தக் காற்றை ஈரத் தட்டி வழியாக இழுத்தால் 27, 28 டிகிரிக்கு வந்துவிடும். பன்னிரண்டு டிகிரி வித்தியாசம், கம்ப்ரஸர் இல்லாமல், கேஸ் இல்லாமல்! உதடு வெடிக்கிறதே, துவைத்த துணி அரை மணியில் மொரமொரவென்று காய்கிறதே என்று வந்த புதிதில் புலம்புவோமே, அந்த வறட்சிதான் இங்கே முதலீடு.

இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் என்று பதிவாகியிருப்பவர்களில் மொகலாயர்களும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரியில் ஒரு குறிப்பு வருகிறது. கஸ் என்ற வாசனை வேரை மூங்கில் சட்டங்களுக்குள் திணித்துச் சிறு அறைகள் கட்டி, அதன் மேல் தண்ணீர் தெளிப்பது அக்பரின் உத்தரவால் பரவலாயிற்று, கோடையிலும் குளிர்காலம் வந்துவிட்டது போல இருக்கும் என்பது அதன் சாரம். கஸ் வேறொன்றுமில்லை, நம் வெட்டிவேர்தான். நம்மூரில் பானைத் தண்ணீரில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்போமே, அதே வேர். இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் இன்றைக்கு வாசனைத் திரவியக்காரர்கள் வெட்டிவேர் என்று நம் சொல்லைத்தான் கொஞ்சம் நாக்கைச் சுழற்றிச் சொல்கிறார்கள். வேரை நாம் பானையில் போட்டோம், அவர்கள் ஜன்னலில் மாட்டினார்கள். கடலோர ஈரத்துக்கு அதுதான் சரி, உள்நாட்டு வறட்சிக்கு இதுதான் சரி.

(ஒரு எச்சரிக்கை: அந்தச் சட்டத்துக்கு இந்தியிலும் தட்டி என்றுதான் பெயர். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு அங்கே வேறு அர்த்தம் முந்திக்கொண்டுவிட்டது. கடையில் போய் "தட்டி இருக்கா" என்று கேட்காதீர்கள். "கஸ்" என்று சொன்னால் போதும்.)

வெட்டிவேர்த் தட்டிக்கு ஒரு குறை இருந்தது. வெளியே காற்று அடித்தால்தான் உள்ளே குளிரும். காற்று நின்றுபோன நாளில் ஜன்னலில் ஈரப்புல் தொங்கும், உள்ளே புழுங்கும். கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் இதற்கு ஒரு இயந்திரம் செய்தார்கள். தெர்மான்டிடோட் என்று பெயர். சூட்டுக்கு மாற்று மருந்து என்ற மாதிரி. ஃபேனி பார்க்ஸ் என்ற அம்மையார் 1822ல் கல்கத்தா வந்து, பிறகு அலகாபாத்தில் பல வருஷம் குடித்தனம் நடத்தியவர். 1850ல் வெளியான தன் பயண நூலில் இந்தப் பெட்டியை விலாவாரியாக எழுதியிருக்கிறார். ஆளுயரத்தையும் தாண்டிய மரப்பெட்டி. உள்ளே ஒரு அச்சில் விசிறி இறக்கைகள். பெட்டியின் பக்கங்களில் வெட்டிவேர்த் தட்டி, அதன் மேல் சொட்டுகிற தண்ணீர். பெட்டியின் வாய் மட்டும் ஜன்னலுக்குள் நுழைந்திருக்கும், மற்றதெல்லாம் வெளியே. வெளியே நின்று ஆட்கள் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஜில்லென்று காற்று.

பாருங்கள், இன்றைய டெஸர்ட் கூலரின் மொத்த வரைபடமும் இதில் இருக்கிறது. கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார், தண்ணீர் ஊற்றுகிறவர் இருந்த இடத்தில் பம்ப். மாறியது அது மட்டுந்தான்.

அந்தக் கைப்பிடிக்காரரை மட்டும் யாரும் படத்தில் பெரிதாக வரைவதில்லை. அவர் நிற்பது வெளியே, சூட்டுக் காற்றில். குளிர்ச்சி போவது உள்ளே. பங்கா கதை இன்னும் மோசம். உத்தரத்தில் தொங்குகிற துணி விசிறி, அதன் கயிறு சுவரில் ஓட்டை வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவர் ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிலர் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு படுத்தபடியே இழுத்தார்கள். கண் அசந்தால் உதை. அப்படி உதைபட்டுச் செத்தவர்கள் உண்டு. வழக்கு வந்தால், "அவருக்கு ஏற்கனவே மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, லேசாகத் தட்டியதிலேயே கிழிந்துவிட்டது" என்று வாதாடி, சொற்ப அபராதத்தோடு தப்பித்த வெள்ளைக்காரர்களைப் பற்றிய பதிவுகள் காலனிய காலத்து நீதிமன்றக் காகிதங்களில் கிடக்கின்றன. ஒருவர் தூங்குவதற்கு இன்னொருவர் தூங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய குளிர்சாதன ஏற்பாடு.

கயிற்றிலிருந்து விடுதலை கொடுத்தது மின்சாரம். கல்கத்தாவில் 1899 ஏப்ரலில் மின் விநியோகம் தொடங்கியது. நிஜாமின் ஹைதராபாத்துக்கு ஹுசேன் சாகர் கரையில், இப்போது என்.டி.ஆர். கார்டன்ஸ் இருக்கிற பக்கம், ஒரு அனல் மின் நிலையம் வந்தது. 1990களில் அதை இடித்துவிட்டார்கள். மின்சாரம் வந்ததும் பங்கா இருந்த அதே உத்தரத்தில் சீலிங் ஃபேன் ஏறிக்கொண்டது. வீடு என்றால் நடு உத்தரத்தில் ஒரு கொக்கி என்று நாடு முழுக்க ஒரே கணக்கு. சென்னைக்கும் திருச்சிக்கும் அது நியாயம். நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அதைவிடக் கொஞ்சம் குறைவான காற்று வீசினால் வேர்வை காய்ந்து சுகமாக இருக்கும். 40ஐத் தாண்டிய வறண்ட காற்றில் நடப்பதே வேறு. வேர்வை தோலை நனைப்பதற்கு முன்பே ஆவியாகிவிடுகிறது. ஃபேன் வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பில் ஏறுவது சூடுதான். குடித்த தண்ணீர் நமக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருக்கும். மேலே வெயிலில் வெந்த கான்கிரீட் தளம் வேறு. அதன் அடியில் தேங்கிய காற்றைத்தான் நம் தலையில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

தக்காணத்து வீட்டுக்கு விசிறி இருக்க வேண்டிய இடம் ஜன்னல். இது என் கட்சி.

இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிற சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் இதை வேறு விதமாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் மொட்டை மாடியில் ஒரு காற்றுக்கூண்டு, எல்லாம் தென்மேற்குக் கடற்காற்றைப் பார்த்தபடி. பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி 1964ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்த கண்காட்சியில் அந்தக் கூரைகளின் படம் இருந்தது. அமெரிக்காவில் அரிஸோனாக்காரர்கள் 1930களில் மரச்சுருள் அடைத்த பெட்டிகளை ஜன்னலில் மாட்டி, அதற்குச் சதுப்புக் கூலர் என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். இங்கே மார்ச் மாதம் சைக்கிளில் கட்டி எடுத்துப் போகிறார்களே வெளிர் மஞ்சள் நிறத்தில் சுருள் சுருளாக, அதே சமாச்சாரம்.

நம் நாட்டில் ரொம்ப காலம் கூலர் என்றால் தகரப் பெட்டி. பட்டறையில் வெட்டி, மடக்கி, பெயின்ட் அடித்து, ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டில் உட்கார வைப்பார்கள். பேய் மாதிரி இரையும். மூன்று பக்கத் தட்டியும் வெளிக்காற்றில் இருக்கும். 1988ல் அகமதாபாத்தில் அச்சல் பக்கேரி என்ற கட்டடக் கலை படித்த இளைஞர், இந்த அவலட்சணத்தைச் சகிக்காமல் அழகான பிளாஸ்டிக் கூலர் செய்ய ஆரம்பித்தார். அதுதான் சிம்ஃபனி. துரு இல்லை, சத்தம் கம்மி, சக்கரம் உண்டு. எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் அழகாக ஆனதும் ஜனங்கள் அதை வரவேற்பறைக்குள் உருட்டிவந்து, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டார்கள்! ஏசி பழக்கம். உள்ளே இருக்கிற அதே காற்று திரும்பத் திரும்ப ஈரத்தில் புகுந்து வந்தால் என்ன ஆகும்? காசு கொடுத்து ஹப்சிகுடாவுக்குள் ஒரு சென்னையை உற்பத்தி செய்கிறோம்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிப் பாதியாக்குங்கள். 12க்கு 12, உயரம் 10 அடி என்றால் 1440 கன அடி. நிமிஷத்துக்கு 720 கன அடி காற்று வேண்டும். பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பான், இந்த அறைக்குச் சுமார் 1200. அதை ஜன்னலுக்கு வெளியே வைக்க முடியாத ஃபிளாட் என்றால், முதுகுப் பக்கம் திறந்த ஜன்னலை ஒட்டியாவது இருக்கட்டும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ கட்டாயம் திறந்திருக்க வேண்டும். வந்த காற்று போக வழி இல்லையென்றால் புதுக் காற்று எப்படி வரும்? தகரப் பெட்டியானால் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம், இரும்பு, மின்சாரம் மூன்றும் சேர்கிற இடம் அது, வருஷா வருஷம் உயிர் போகிறது. தண்ணீர் நிரப்பும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிரப்புங்கள். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அதைவிடச் சொகுசான வீடு கிடையாது.

ராத்திரிக்கு வேறு கணக்கு. இங்கே மே மாதத்திலும் விடிகாலை 26 டிகிரிக்கு இறங்கும். பத்து மணிக்கு மேல் பம்பை நிறுத்திவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட்டைப் போட்டு, படுக்கையறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். சுவர் பகலில் குடித்த சூடெல்லாம் வெளியே போகும். காலை எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் சாத்தித் திரை போட்டுவிட வேண்டும். ஜூன் பாதியில் மழை பிடித்துவிட்டால் கூலர் வெறும் ஃபேன்தான். அதற்காக அதைத் திட்ட வேண்டாம்.

செலவில் மின்சாரம் சின்னது. கூலர் 200 வாட் சுற்றி, ஒன்றரை டன் ஏசி அதைப்போல ஏழெட்டு மடங்கு. தண்ணீர்தான் பெரிது. கடும் கோடை மத்தியானத்தில் ஒரு பெரிய கூலர் மணிக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கும். போர் வற்றி, டேங்கர் வரவேண்டிய ஏப்ரலில் இது அடுக்குமாடிக் கூட்டங்களில் சண்டையாகவே வரும். "நாலாவது மாடியில ரெண்டு கூலர் ஓடுது, மெயின்டனன்ஸ் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா?" என்ற கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். ஏசிக்காரர்களுக்கு அந்தக் கேள்வி வராது. அவர்களுடைய சூடு வெளியே கொட்டுவதற்கு மீட்டர் கிடையாது.

2015 மே மாத அனல் காற்றில் நாடு முழுக்கச் சுமார் 2,500 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும். வெயிலில் வேலை செய்தவர்கள், வயதானவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள். அதனால் ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கோடை விடுமுறைக்கு அழைத்து வருகிறவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். "எங்களுக்கு ஃபேன் போதும்பா, பழக்கம்தான்" என்பார்கள். அவர்களுக்குப் பழக்கமானது நம்மூர்க் காற்று. இங்கே வேர்க்கவில்லை என்பதால் சூடு இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மத்தியானம் அவர்கள் படுக்கிற அறையின் ஜன்னலுக்குத்தான் முதல் கூலர்.

எங்கள் தெருவில் இப்போது ஜன்னலுக்கு ஜன்னல் ஸ்பிளிட் ஏசியின் வெளிப்பெட்டி. பழைய ஆங்கிள் ஸ்டாண்டுகளில் துளசித் தொட்டியும் கற்றாழையும். கழற்றிய தகரக் கூலர்களில் ஒன்று கார் நிறுத்துமிடத்தில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிற ஒற்றை அறைக்குப் போயிருக்கிறது. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதற்கு நேர் மேலே முதல் மாடி ஏசியின் சூட்டுக்காற்று. கூலரை அவர் ஜன்னலில் வைக்கவில்லை, கதவுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். ஜன்னலை வெளியே போகும் வழியாக விட்டுவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மத்தியானம் இரண்டு மணிக்குக் கையை நீட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.