கானற்சோலை (நிலக்காட்சி ஓவியத்தில்)

கானற்சோலை கடலோர மரத்தோப்பு. தோப்பை வரைந்த ஓவியத்தில் உணர்வையும் குறியீட்டையும் தேடுவோருக்குத் தமிழில் திணைமரபு கைகொடுக்கிறது. தொல்காப்பியத்தின்படி நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பூவும் புள்ளும் கருப்பொருள். அவற்றோடு பொருந்தும் உணர்வு உரிப்பொருள். புன்னையும் சாயும் வெயிலும் கடல்நிலமான நெய்தலைக் காட்டும்; அதன் உரிப்பொருள் இரங்கல். வேங்கை பூத்தால் மலைநிலமான குறிஞ்சி; தினை முற்றி மணம் கூடும் பருவம்.

ஐரோப்பிய ஓவியத்தில் குறியீடு சில வேளை ஓவியரின் சொந்த வாழ்விலிருந்து வரும். 1888 வசந்தத்தில் வின்சென்ட் வான் கோ ஆர்ல் நகரத்துத் தோப்புகளை வரைந்தார். ஓவியர் அன்டன் மாவ் இறந்த செய்தி எட்டியதும், பூத்த பீச் மரப் படம் ஒன்றில் அவர் பெயரை நினைவாக எழுதினார். பூக்காலம் இரங்கலானது.

திணைக்குத் திரும்பினால், இலங்கையின் திருகோணமலை அதன் கணக்கைச் சற்றுக் குழப்பும் ஊர். 7ஆம் நூற்றாண்டில் கோணமலையைப் பாடிய ஞானசம்பந்தர் அங்குள்ள பொழிலில் முல்லை, குருந்து, வேங்கை, புன்னை, செண்பகம் எல்லாவற்றையும் ஒன்றாகவே பூக்க வைக்கிறார். கடலை முட்டி நிற்கும் மலை என்பதால் இதை வெறும் மிகை என்று தள்ள முடியாது. எந்த நிலத்துப் பூவானாலும் வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியதாகும் என்று தொல்காப்பியமும் வழிவிடுகிறது. அப்படியானால் கோணமலை வேங்கை பேசுவது நெய்தலின் உணர்வை. (அகப்பாட்டுக்கு வகுத்த விதியைப் பதிகத்துக்கும் ஓவியத்துக்கும் நீட்டுவது ஒரு துணிவுதான்.)

ஓவியர் சாமுவேல் டேனியல் 1808இல் லண்டனில் வெளியிட்ட இலங்கைக் காட்சித் தொகுப்பில் திருகோணமலைத் துறைமுகமும் உண்டு. ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து கண்ட காட்சி அது. துறைமுகத்தைப் பிரித்தானியர் 1795இல் கைப்பற்றியிருந்தனர். பொழிலுக்குள் நிற்பவருக்கு மரம் நிழல், மணம். கோட்டை மேட்டில் நிற்பவருக்கு அது துறைமுகத்தின் ஓரம். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று கேட்காமல் அத்தகைய படங்களைப் படிக்கக் கூடாது.

பொழுதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நெய்தலுக்குரிய எற்பாடு ஞாயிறு சாயும் வேளை. கிழக்குக் கரையான திருகோணமலையில் ஞாயிறு திறந்த கடலில் இறங்குவதில்லை. வெயில் நிலத்தின் பக்கமிருந்து வர, மர நிழல்கள் கடலை நோக்கி நீளும். ஞாயிறு நீரில் இறங்குவதாக வரைந்திருந்தால், அந்த நீர் பெரும்பாலும் உள்துறைமுகம்.